தெருமுனையில் நினைத்தது

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபது தாண்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் அப்படித் தோன்றவில்லை.

குருவின் பெயர் ஆவுடையம்மாள். கடையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்குள் இரண்டு ஓட்டுக் கட்டடங்கள். அங்கே பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார். பிறகுதான் பதில் வரும், அதுவும் சில சமயம் வராது.

சீடர் சங்கரலிங்கம். ஆழ்வார்குறிச்சியில் டைப் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். அது ஓய்ந்ததும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. பீடி சுற்றும் பெண்கள் சிலரைக் கூட்டி, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். சம்பளம் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அதில் உயிரையே வைத்திருந்தார்.

அவர் இவரை 'டீச்சர்' என்பார். இவர் அவரை 'அண்ணாச்சி' என்பார். ஆவுடையம்மாள் உள்ளே வந்தால் சங்கரலிங்கம் எழுந்து நிற்பார். அந்த அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும். அந்தத் தோப்பில் அதிகம் கேட்ட வார்த்தை "உட்காருங்க அண்ணாச்சி" என்பதுதான்.

முதல் தடவை அவர் வந்தது முப்பிடாதிக்காக.

முப்பிடாதி அவருடைய வகுப்பில் படிக்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரு பெண் குழந்தை. சின்ன வயசிலிருந்து பீடித் தட்டை மடியில் வைத்து வளர்ந்தவள். இப்போது அந்தப் புகையிலைத் தூள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பீடியை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டுவிட்டால் சோற்றுக்கு யார் போடுவார்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. ஊர்ப் பால்வாடியில் ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. அதற்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே வாசல் அதுதான்.

கணக்கு அவளுக்கு வந்தது. செய்யுளை உருப்போட்டுக் கடகடவென்று ஒப்பிப்பாள். கட்டுரை என்று ஒன்று வந்தால்தான் மாட்டிக்கொள்வாள். ஒரு பக்கம் கொடுத்து, படித்துப் பதில் எழுது என்றால் தீர்ந்தது. வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை, திக்காமல் திணறாமல் வாசிப்பாள். முடித்ததும் "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் மறுபடியும் தாளையே பார்ப்பாள்.

"வாசிக்கிறாங்க டீச்சர், மண்டையில ஏற மாட்டேங்குது" என்றார் சங்கரலிங்கம்.

ஆவுடையம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"எங்க இருந்து ஆரம்பிக்கச் சொல்லுவீங்க?"

"முதல் வரியில இருந்துதான்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால என்ன இருக்கு?"

ஆவுடையம்மாள் ஒரு பத்திரிகையின் இணைப்பு மலரை எடுத்து மேஜைமேல் விரித்தார். ஒரு கட்டுரை. அதன் வரிகளை எல்லாம் வெள்ளைத் தாளால் மூடினார். தலைப்பு வெளியே தெரிந்தது. ஒரு படமும், படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரியும் தெரிந்தன. நடுநடுவே தடித்த எழுத்தில் இருந்த சின்னத் தலைப்புகளுக்கு மட்டும் தாளில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

"இவ்வளவையும் மொதல்ல பார்க்கச் சொல்லுங்க. உள்ள எதைப் பத்தி இருக்கும்னு கேளுங்க. அதைப் பத்தி அவங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு கேளுங்க. இன்னும் என்ன தெரிஞ்சுக்கணும்னு கேளுங்க. பேசட்டும். பேசி முடிச்ச பிறகு தாளை எடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணாச்சி."

சங்கரலிங்கத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஏதாவது மந்திரம் கிடைக்கும் என்று பஸ் ஏறி வந்தவர், ஓட்டை போட்ட தாளோடு திரும்பினார்.

ஆனால் அந்தத் தாள் வேலை செய்தது. பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சமுதாயக் கூடத்துக்கு வந்து உட்காரும் பெண்கள், அதுவரைக்கும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள், வாய் ஓயாமல் பேசினார்கள். படத்தைப் பார்த்து ஒருத்தி ஒன்று சொல்வாள். அடுத்தவள் அது கிடையவே கிடையாது என்பாள். தாளை எடுத்ததும் யார் சொன்னது சரி என்று பார்க்கிற அவசரத்தில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கத்தில் கவிழும். ரத்தசோகையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. முருங்கைக்கீரையைப் பற்றி இதில் கட்டாயம் இருக்கும் என்று முப்பிடாதி அடித்துச் சொன்னாள். தேடிக்கொண்டே வாசித்தாள். வரிமேல் விரலை வைத்து, "இங்க இருக்கு சார்" என்றாள். அன்றைக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினாள். சங்கரலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் சூடாகப் பக்கோடா வாங்கிப் போட்டார்.

இந்த இடத்தில் அவருடைய பழைய தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டைப் இன்ஸ்டிடியூட்டில் ஒரு எழுத்துத் தவறினாலும் சிவப்பு மையால் வட்டம் போடுவார்கள். தாளில் மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் கண் அந்த வட்டத்துக்குத்தான் போகும். அப்படி வட்டம் போட்டே நரைத்த தலை அவருடையது. தப்பைப் பார்த்தால் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

ஒரு நாள் ஒரு கட்டுரை கொண்டுவந்தார். தலைப்பு, 'வெடி வெடிக்காத ஊர்'. படத்தில் பெரிய ஆலமரம், அதன் நிழலில் பிள்ளைகள். கீழே 'தீபாவளியன்றும் அமைதி' என்று ஒரு வரி.

"எதைப் பத்தி இருக்கும்?" என்று கேட்டார்.

மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். முப்பிடாதி உடனே சொன்னாள்.

"ஊர்ல பெரிய சாவு ஒண்ணு விழுந்திருக்கு சார். அதான் தீபாவளி கொண்டாடலை."

"தப்பு" என்றார் சங்கரலிங்கம்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. மரத்தில் தொங்குவது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டார். அத்தனையும் வௌவால், வௌவால் மிரண்டு போய்விடும் என்றுதான் அந்த ஊரில் வெடி போடுவதில்லை என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டார். படத்தை ஒழுங்காகப் பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது என்று புத்திமதியும் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். முப்பிடாதியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் சிரித்ததால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவள் ஒரு கேள்விக்கும் பதில் எழுதவில்லை.

அடுத்த நாள் "எதைப் பத்தி இருக்கும்?" என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. "நீங்களே சொல்லிருங்க சார்" என்றாள் முப்பிடாதி. மற்றவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. பாவம், பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்களே என்று அவரும் இரக்கப்பட்டுச் சொன்னார். இது தேனீயைப் பற்றியது, இது தடுப்பூசியைப் பற்றியது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தாளை எடுப்பார். அவர்கள் வாசிப்பார்கள். முடித்துவிட்டு மறுபடியும் தாளையே பார்ப்பார்கள். பழைய கதையே திரும்பி வந்தது.

பிறகு முப்பிடாதி வருவதை நிறுத்திவிட்டாள். தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டிய நேரமும் நெருங்கிவிட்டது.

சங்கரலிங்கம் அவள் வீட்டுக்குப் போனார். வாசல்படியில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நாலு பீடி சுற்றுவாள், இருமுவாள், மறுபடியும் சுற்றுவாள். அவரைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை எடுத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"ஏம்மா வகுப்புக்கு வரலை?"

"நான் நினைக்கிறது எல்லாமே தப்பாத்தான் சார் வருது. நீங்க சொன்னா கேட்டுக்கிடுவேன். என்னைக் கேக்காதீங்க."

சுவரைப் பார்த்தார். மாலை போட்ட படத்தில் அவள் புருஷன் இருந்தான். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையிடம் ஏதாவது பேசலாம் என்று, தீபாவளிக்கு என்ன வெடி வாங்கப்போகிறாய் என்று கேட்டார். எங்க வீட்டில் தீபாவளி கிடையாது, அப்பா செத்துப் போனதிலிருந்து அம்மா கொண்டாடவே மாட்டாள் என்றது குழந்தை.

அன்றைக்கு அவள் எந்த வீட்டை நினைத்துச் சாவு என்று சொன்னாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வருகிறேன் என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் தோப்புக்குப் போனபோது ஆவுடையம்மாள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. கண் கொஞ்சம் சிவந்திருந்தது. சங்கரலிங்கம் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கடைசியில் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"உங்க வழி நல்ல வழிதான் டீச்சர், நான் இல்லைங்கலை. ஆனா தப்பா நினைச்சா அந்தத் தப்பைச் சுமந்துக்கிட்டுத்தானே உள்ள போகணும்? இன்னதுன்னு நானே முன்கூட்டிச் சொல்லிட்டா அந்தப் பிள்ளை இப்படி மனசு ஒடிஞ்சு போயிருக்குமா? எதுக்கு நினைக்க விடணும்?"

ஆவுடையம்மாள் பூட்டை இழுத்துப் பார்த்தார். அன்றைக்குத் தண்ணீர் குடிக்கவில்லை.

"நான் ஒரு வீட்டுக்குப் போகணும். கூட வாரீங்களா அண்ணாச்சி?"

"யார் வீடு?"

"எங்க அம்மாவோட தாய்மாமா வீடு."

"என்ன விசேஷம்?"

"வந்து பாருங்க."

பஸ்ஸில் ஆவுடையம்மாள் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது புதிதும் இல்லை. இலைப் பொட்டலத்தின் ஓரத்தில் ரோஜா மாலை தெரிந்தது. ஏதோ நல்ல காரியம் என்று சங்கரலிங்கம் மனசுக்குள் எடுத்துக்கொண்டார்.

இறங்கி நடந்தார்கள். தெருமுனைக்கு வந்ததுமே நையாண்டி மேளம் காதைப் பிளந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். கூடை கூடையாகப் பூ போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சங்கரலிங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சடங்கு வீடா டீச்சர்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல வேட்டியா கட்டிக்கிட்டு வந்திருப்பேன்லா."

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார். கையாலேயே தலையைக் கோதினார். பெண்ணைப் பெற்றவர்களைப் பார்க்கப் போகிற முகமாக ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டார். ஆவுடையம்மாள் ஒன்றும் சொல்லாமல் ஓரடி முன்னால் நடந்தார்.

பந்தல் கிட்டே வந்தது. பந்தல்கால்களில் வாழைமரம் கட்டியிருக்கவில்லை. சடங்கு வீட்டில் வாழைமரம் இல்லாமலா என்று நினைத்தார். தோரணம் உண்டா என்று பார்த்தார், அதுவும் இல்லை. நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் வாயிலும் வெற்றிலை இல்லை, பன்னீர்ச் செம்போடு யாரும் எதிரே வரவில்லை. அவர் நடை தானாகக் குறைந்தது.

அப்போது ஜவுளிக்கடை பரமசிவம் அவரைப் பார்த்து எழுந்தார். பழகிய மனிதர். எங்கே கண்டாலும் "வாங்க வாங்க" என்று ஊரைக் கூட்டுகிறவர். அன்றைக்கு அந்த 'வாங்க' வரவில்லை. பேசாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

சங்கரலிங்கத்தின் சிரிப்பு செத்துப்போயிற்று. அவசரமாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துக்கம் கேட்கிற முறைப்படி அந்தக் கைகளைத் தொட்டார். அதற்குப் பிறகுதான் பந்தலுக்குப் பின்னால் பூப்பல்லக்குக் கட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

கல்யாணச் சாவு. தொண்ணூறைத் தாண்டி, பேரன் பேத்தி எல்லாம் கண்டு, வாழ்ந்து முடித்துப் போன மனிதர். அப்படிப் போகிறவர்களை மேளதாளத்தோடு அனுப்புவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் மாலையைப் போட்டுவிட்டுப் பெரியவரின் காலைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் அழுதார். மேளம் எவ்வளவு அடித்தால் என்ன, அழுகிறவர்களுக்கு அழுகை வரத்தான் செய்யும். அவர் அழுது சங்கரலிங்கம் பார்த்ததில்லை. வெட்கத்தோடும் வருத்தத்தோடும் ஓரமாக நின்றார்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சாவு வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். மேளச் சத்தம் தேய்கிற தூரம் வந்ததும் சங்கரலிங்கம் நின்றார்.

"மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். இப்படி ஒரு வீட்டுக்குப் பல்லைக் காட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"தெருமுனையில என்ன நினைச்சீங்க?"

"சடங்கு வீடுன்னு நினைச்சேன்."

"ஏன்?"

"எங்க மூத்தவ பெரியவளாகி சடங்கு வச்சப்போ இதே மேளம்தான் வச்சோம். அதைக் கேட்டதும் அவ ஞாபகம் வந்துட்டு."

"பிறகு எப்படித் தெரிஞ்சுது?"

"வாழைமரத்தைத் தேடினேன், இல்லை. தோரணம் இருக்கான்னு பார்த்தேன். அப்புறம் பரமசிவம் 'வாங்க'ன்னு சொல்லலை."

"தப்புன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

"நான் சொன்னேனா?"

"நீங்களும் சொல்லலை."

"சாவு வீட்டுக்குப் போறோம்னு பஸ்லேயே நான் சொல்லியிருந்தா?"

சங்கரலிங்கம் யோசித்தார். சொல்லியிருந்தால் எதைப் பார்த்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தார். பந்தலையும் வாழைமரத்தையும் எதற்குப் பார்க்கப்போகிறோம்? எதுவுமே கண்ணில் பட்டிருக்காது.

"தலையைக் குனிஞ்சுக்கிட்டே உள்ள வந்திருப்பேன்" என்றார்.

ஆவுடையம்மாள் தலையாட்டினார். பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. வேப்பமரத்தடிக் கல்லில் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"டீச்சர், அந்தப் பிள்ளை அவ வீட்டுத் தீபாவளியை நினைச்சுச் சொன்னா. நான் தப்புன்னுட்டேன். இன்னைக்கே அவளைப் பார்க்கணும். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் இனிமே அவ வாயைத் திறக்க மாட்டா. அந்த வாசல்ல போய் நின்னு நான் என்னத்தைச் சொல்ல?"

ஆவுடையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாவு வீட்டுக்கு நீங்க சிரிச்சுக்கிட்டு வந்ததைச் சொல்லுங்க அண்ணாச்சி."